இரைச்சலின் தரைமட்டம்

ஃபாரோ தீவில் நவம்பர் மாதத்து மாலை ஐந்து மணி
நடுநிசிபோல் இருக்கும்.
மீன் பதனிடும் ஆலையை மூடுவது பற்றிய கூட்டம்.
நாற்காலி நூற்றிருபது, கையடக்க மைக் இரண்டு,
ஒலிக்கு ஹோக்னி என்கிற நான்.
கூலி ஆலையின் கணக்கில்.

மதியமே வந்து அலைவரிசைகளைத் துழாவினேன்.
ஒன்றில் தொலைக்காட்சி உட்கார்ந்திருந்தது.
ஒன்றில் தேவாலயத்துப் போதகரின் மைக்,
அணைக்க மறந்து அவர் காபி உறிஞ்சும் சத்தத்துடன்.
மேடையின் எல்.இ.டி. திரையைப் போட்டதும்
மிச்சமிருந்ததிலும் மணல் கொட்டியது.
குறுகலாக ஒரு சந்து அகப்பட்டது.
இரண்டையும் அதில் தள்ளித் தள்ளி நிறுத்தினேன்.
மணல் உள்ளே வராதிருக்க
ரிசீவரின் ஸ்குவெல்ச்சை இறுக்கினேன்.
அது ஒரு வாயிற்காவலன்:
பலமாய் வரும் அலைக்குக் கதவைத் திறப்பான்,
மெலிந்து வந்தால் சாத்திவிடுவான்.
வந்தது யார் என்று பார்க்க மாட்டான்.

மேலாளர் யாக்குப் முதலில் பேசினார்.
மைக்கை விழுங்கப் போகிறவர்போல் பிடித்தார்.
"சந்தை நிலவரம்" என்றபோது
சிவப்பு விளக்கு எரிந்தது.
மிக்சரில் இறக்கினேன்;
அதே கரகரப்பு, கொஞ்சம் சின்னதாக.
கையிலேயே கிழிந்த குரலை
மேசையில் வைத்துத் தைக்க முடியாது.
ஓடிப்போய், மன்னிப்புக் கேட்டு,
மைக்கின் மூடியைத் திருகி கெயினைப் பத்து குறைத்தேன்.
பிறகு அவர் தெளிவாகவே சொன்னார்:
எழுபத்தாறு பேர்.

மற்ற மைக் கடைசி வரிசைக்குப் போனது.
சுன்லெய்க். மீன் அரியும் மேசையில் முப்பத்தொரு வருஷம்.
கத்தியைப் பிடிப்பதுபோல் அடியில் பிடித்தாள்,
ஆன்டெனா முழுக்க அவள் உள்ளங்கைக்குள்.
வயிற்றோரம் வைத்துக்கொண்டு
தரையைப் பார்த்துப் பேசினாள்.
கெயினை ஏற்றினேன்.
வாய்க்காலை அகலத் திறந்தால் களையும் குடிக்கும்:
ஹீட்டரின் முனகல், கூரையில் காற்று,
யாரோ மிட்டாய்த் தாளைப் பிரிப்பது,
எல்லாம் அவளோடு சேர்ந்து எழுந்து நின்றன.

"இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நாங்கள்"

நிசப்தம்.
காவலன் சாத்திவிட்டான்.
அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.
மண்டபமே என் பக்கம் திரும்பியது.
"யாரப்பா அணைத்தது?" என்றது ஒரு குரல்,
மைக் தேவைப்படாத குரல்.
யாக்குப் கூரையைப் பார்த்தார்.

நான் அணைக்கவில்லை என்று சொல்ல
எனக்கென்று ஒரு மைக் இல்லை.
கையை மேலே ஏற்றிப் பிடிக்கச் சைகை காட்டினேன்;
அவள் இன்னும் தரையைத்தான் பார்த்தாள்.
ஸ்குவெல்ச்சை அடிவரைக்கும் தளர்த்தினேன்.

மணல் வந்தது.
ஓட்டின்மேல் மழைபோல, காய்ந்த எண்ணெய்போல.
அதற்குள்ளிருந்து அவள்:
"கேட்டதில்லை. இப்போது கேட்கிறோம்.
குளிர்காலம் முடியட்டும். அப்புறம் மூடுங்கள்."
மிட்டாய்த் தாள்கூட நின்றுவிட்டது.

கூட்டம் முடிந்ததும் மைக்கைக் கொண்டுவந்து தந்தாள்.
கைப்பிடியில் சூடு, லேசாக மீன் வாசனை.
"எதையாவது கெடுத்துவிட்டேனா?"
கொஞ்சம் மேலே பிடித்திருக்கலாம் என்றேன்.
"மேலே பிடித்தால் விரல் போய்விடும்" என்றாள்.

மறுநாள் ஆலையிலிருந்து மின்னஞ்சல்:
பதிவை அனுப்பவும், இரைச்சலை நீக்கி.
நீக்கிப் பார்த்தேன்.
குளிர்காலத்தில் குளிர் போய்விட்டது,
காலம் மட்டும் கேட்டது.
எடுத்ததை எல்லாம் எடுத்த இடத்தில் வைத்து
அப்படியே அனுப்பினேன்.

கூலி இன்னும் வரவில்லை.