புஷ்பகாந்திக்கு ஒரு தொப்பி

மலைக்குப் போகுமுன்
புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில்
வியர்வையைத் துடைத்துத் துடைத்துச்
சுவெட்டர் போட்டுப் பார்த்தோம்.
"இதுக்கு மேல சூடு வேணுமெண்டா
அடுப்பத்தான் வாங்கோணும்"
என்று சிரித்தார் கடைக்கார நானா.

நுவரெலியாவில் இறங்கியதும்
கணக்குப் பிரிவு முழுவதும் ஒரே நேரத்தில் நடுங்கியது.
நில்மினி "சீதலய்" என்றாள்.
துவான் இஷாக் "டிங்ஙின்" என்றான், அவன் வீட்டு மலாயில்.
எனக்குக் குளிர் என்ற சொல்லே
பல்லில் பட்டு உடைந்தது.
வாயால் வந்த புகை மட்டும்
எல்லோருக்கும் ஒரே நிறம்.
படம் எடுத்தோம். படத்தில் அது விழவில்லை.

ஏரி. குதிரை. தபாற்கந்தோரின் செங்கல் முகம்.
சந்தையில் மூன்று மொழியிலும் விலை கேட்டு
மூன்றிலும் ஏமாந்தோம்.

ஹக்கலைப் பக்கம் ஒரு வளைவில்
லீக்ஸ் விற்றுக்கொண்டிருந்தவள்
என் தமிழைப் பிடித்துக்கொண்டாள்.
"கொழும்பா நீங்க?"
ஆமென்றேன்.
"எம் மக அங்கதான், வெள்ளவத்தையில.
வீட்டு வேல. புஷ்பகாந்தின்னு பேரு.
ரெண்டு மாசமா அவ நம்பரு வேல செய்யல."

விலாசம் கேட்டேன்.
"கடலுக்குக் கிட்ட. மாடி வூடு."
தெருப் பெயர் கேட்டேன்.
"கடலுக்குக் கிட்டங்க" என்றாள் மறுபடி,
எனக்குத்தான் காது மந்தம் என்பதுபோல.

கூடைக்கு அடியிலிருந்து
நீல நூலில் பின்னிய தொப்பி ஒன்று வந்தது.
"ஏசி வச்ச வூடாம்.
குளிருதுன்னு சொன்னா."

வான் ஹாரன் அடித்தது.
லீக்ஸுக்குக் காசு வாங்க மறுத்தாள்.

இன்று ஞாயிறு.
வெள்ளவத்தையில் சுவருக்கும் வியர்க்கிறது.
காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே
ஒழுங்கை ஒழுங்கையாய் நடக்கிறேன்.
எல்லாமே மாடி வீடு.
எல்லாமே கடலுக்குக் கிட்ட.
இருபது வருடமாய் இங்கே இருக்கிறேன்,
அண்ணாந்து பார்த்தது
அறை வாடகைக்கு அலைந்தபோது மட்டும்.

ஒரு வாசலில் காவலாளி
பெயரைக் கேட்டான். சொன்னேன்.
"அது வேலைக்கு நிக்கிற ஆள்தானே,
வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுங்க மிஸ்."

அடுத்த ஒழுங்கையில்
ஐந்தாம் மாடி ஏசிப் பெட்டியொன்று
என் தோளில் சொட்டியது.
நிமிர்ந்தேன்.
மேலே ஒரு கை போர்வையை உதறிவிட்டு
உள்ளே போனது.

"புஷ்பகாந்தி!"

அந்த நேரம் பார்த்துப் பாணந்துறை ரயில்
கடலையும் என் குரலையும்
சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

வேறு வழி தெரியவில்லை.
தொப்பியைக் கையில் மாட்டி
உயர்த்திப் பிடித்தேன்,
நடுவீதியில், கொளுத்தும் பதினொரு மணிக்கு.

மூன்று பால்கனிகளில்
மூன்று பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.
மூவர் வாயிலும்
துணிக்குக் குத்தும் கிளிப்.