தம்

மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்த வாரம்
மன்னார்குடிக் கல்லூரி மைதானத்தில்
எங்களுக்குப் பத்து நாள் முகாம்.
ஆல்ஃபா, பிராவோ, சார்லி,
நான்காவதாக நாங்கள், டெல்டா கம்பெனி.
வைத்தீஸ்வரன்கோயில், கூத்தாநல்லூர், தலைஞாயிறு என்று
டெல்டாவிலேயே பிறந்தவர்களுக்கு
இன்னொரு தரம் அதே பெயர்.
சாம்பார் வாளி எங்களிடம் கடைசியாகத்தான் வரும்.
காயெல்லாம் தலைமடையிலேயே இறங்கிவிட்டிருக்கும்.

மூன்றாம் நாள் மதியம் தலைமைப் பண்பு வகுப்பு.
கரும்பலகையில் பதினான்கு குணங்கள்.
ஒன்பதாவதில் சாக்பீஸ் உடைந்தது,
அதற்குள் பாதிப் பேர் தூங்கியிருந்தோம்.
என்னை எழுப்பிக் கேட்டார்கள்.
குத்துமதிப்பாகத் 'தைரியம்' என்றேன்.
பட்டியலில் இருந்தது.
அணிவகுப்புப் போட்டிக்கு என்னையே கமாண்டர் ஆக்கினார்கள்.

மெகருன்னிசா, கேடட் சார்ஜண்ட்.
இருபத்தேழு பேர், மூன்று வரிசை.
கட்டளையெல்லாம் இந்தியில்.
சாவ்தான். விஷ்ராம். தாஹினே முட்.
சின்ன வயதில் மதரசாவில் ஓதியது போல
பொருளுக்கு முன்னால் ஓசையாக நாவில் ஏறியவை.
நிறுத்துவதற்கு ஒரே சொல்: தம்.
"மூச்சுப் பிடிக்கிற அதே தம்முதான்டி,
மறக்கவே மறக்காது பாரு"
என்று சொல்லிக் கொடுத்தவள் தையல்நாயகி.

ஒன்பதாம் நாள் காலை.
பிராவோவின் எஸ்தர் ராணி
அரிவாளால் அறுத்த மாதிரித் திருப்பங்களோடு
முடித்துவிட்டுப் போயிருந்தாள்.
எங்கள் முறை.

தேஜ் சல்.

இருபத்தேழு இடது குதிகால் ஒரே அடியாக விழுந்தது.
முதல் முறையாக எனக்குப் பயமாக இருந்தது.
என் வாயிலிருந்து வந்த காற்றுக்கு
இத்தனை கால்களா.

மைதானத்தின் தெற்கில் சுவர் கிடையாது,
வாய்க்கால்தான். கரையில் இரண்டு கொக்கு.
அதற்குப் பத்தடி முன்னால் நிறுத்த வேண்டும்.

வாயைத் திறந்தேன்.
அந்தச் சொல் வைத்த இடத்தில் இல்லை.
ஏக், தோ, ஏக், அது வருகிறது.
படிகாரத்தின் வாய்பாடு வருகிறது.
எங்கள் தெருவின் பின்கோடு வருகிறது.
கொக்குகள் எழுந்து போயின.

முன்வரிசையின் வலது மூலையில் தையல்நாயகி.
அவளைப் பார்த்தே மற்ற எட்டுப் பேரின் நேர்கோடு.
கண் நேராக, முகவாய் நேராக
கரையேறினாள்,
இறங்கினாள்.
தண்ணீருக்குள் இடது.
தண்ணீருக்குள் வலது.
கைகள் தோள் உயரத்துக்கு வீசியபடியே இருந்தன.
ஒன்பது ஜோடி பூட்ஸுக்குள்
பாமணியாறு புகும் சத்தம்
நடுவர் பந்தல் வரைக்கும் கேட்டது.

"நில்லுங்கடி!"

நின்றார்கள்.
ஒன்று, இரண்டு.
அந்த இரண்டாம் அடி
சேற்றிலும் சேர்ந்தேதான் விழுந்தது.

அரியானாக்கார சுபேதார் தாளில் எதையோ எழுதினார்,
பேனாவை மூடினார்,
மறுபடி திறந்து இன்னொன்றும் எழுதினார்.
எங்களுக்கு நான்காம் இடம்.
மொத்தமே நான்கு கம்பெனிகள்.

ராத்திரி எஸ்தர் ராணி வந்தாள்,
கை நிறைய பதினெட்டுக் காலுறை,
ஒன்றோடொன்று ஜோடி சேராதவை.
"நாளைக்குக் கயிறு இழுக்கறப்ப
உங்களை இழுத்துப் போடத்தான் போறோம்.
இப்ப காலைத் துடைங்க."

விளக்கணைத்த பிறகு கேட்டேன்:
"வாய்க்கால் தெரிஞ்சுதுல்ல?
நீயா நின்னிருக்கலாம்ல?"
கொசுவலைக்குள் புரண்டு படுத்தாள்.
"நீ சொல்லலியே."
யாரோ மணி கேட்டதற்கு
மணி சொல்வது போலத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

வராந்தாவில் ஒன்பது ஜோடி பூட்ஸ் கவிழ்ந்து கிடந்தன.
அவளுடையதைத் துடைக்க எடுத்து விரலை விட்டேன்.
நுனியில், இருட்டில், ஒரு நத்தை.
சன்னல் கட்டையில் விட்டேன்.
ஓட்டுக்குள்ளேயே கிடந்தது.

யாரும் விழிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு
மெதுவாக, ஒருமுறை, சொல்லிப் பார்த்தேன்:
தம்.

அப்போதுதான் அது
கொம்பை நீட்டி நகரத் தொடங்கியது.