ஒரு சாண்

மாதம் ஒருமுறை வாழப்பாடி ஆய்வுக் கிணற்றில்
சாக்பீஸ் தேய்த்த நாடாவை இறக்குகிறேன்.
நனைந்தவரை வெள்ளை மங்கும்.
அந்தக் கோட்டுக்குத்தான் சம்பளம்.

சித்திரையில் நாற்பத்தொரு மீட்டர்.
ஐப்பசியில் ஒரே ராத்திரி
சேர்வராயன் மலையில் கொட்டோ கொட்டென்று கொட்டி
ஏற்காடு ரோடு சரிந்த மறுவாரம்
நாற்பது.

"அத்தனை மழையும் எங்கங்க?" என்றார் பூங்காவனம்,
மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டியபடி.
தொள்ளாயிரம் அடி போர் அவருடையது.
"ஓடிப்போச்சு. நிக்க வெச்சாத்தானே நிக்கும்."

இந்த மாதம்
செத்த போரைச் சுற்றிக் குழிவெட்டி
ஜல்லி நிரப்பியிருக்கிறார்.
மேட்டுக்காட்டில் கொள்ளு.
நாடா ஏறும்வரை பக்கத்திலேயே நின்றார்.

முப்பத்தொன்பது புள்ளி எட்டு.

கையை விரித்து ஒரு சாண் பார்த்தார்.
அது அவர் குழியாலா,
பக்கத்துக் காட்டு மோட்டார்
காயில் எரிந்து கிடப்பதாலா,
நாடா சொல்லாது.
நானும் சொல்லவில்லை.