பச்சைக் கதவு

கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரம்,
சீமெந்துக் கடைக்கு மேல்மாடி.
ஏசிக் குளிரில் பதினாறு பெண்கள்
தானாய் ஓடப் பழகும் கார்களுக்கு
மனிதரைக் காட்டிக்கொடுக்கிறார்கள்
என்று எழுதினேன்.
இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு கணக்கு.
அடித்தேன்.

ஆளுக்கொரு பெட்டி கீற வேணும்.
"தூணுக்குப் பின்னால பாதி ஆள் நிண்டா?"
டிலக்சனா திரையை விட்டுத் திரும்பவில்லை.
"கை மட்டும் தெரிஞ்சாலும் ஆள்தான் அக்கா.
விட்டால் சம்பளத்தில வெட்டு."

ஆசிரியரின் குறுஞ்செய்தி:
யாருக்கு வாக்கு என்று கேள்,
போர் இரண்டாம் பத்தியில் வரட்டும்.
கேட்டேன்.
"அதை எழுதாதேங்கோ."

படம் மாறியது.
மழை. சாய்ந்த குப்பைத் தொட்டி.
ஏழு வருடமாய் நான் பஸ்ஸுக்கு நிற்கும் சந்தி.
"இது நான் இருக்கிற றோட்டு!"
வாய் முந்திவிட்டது.

அப்போதுதான் திரும்பினாள்.
"இந்தப் பச்சைக் கதவுக் கடையில என்ன விக்கினம்?
நாலு மாசமாப் பாக்கிறன், பூட்டித்தான் கிடக்கு.
வாசல்ல ஒரு நாய் படுத்திருக்கும்,
இப்ப காணேல்ல."

எனக்குத் தெரிந்தது
பஸ் வரும் நேரம் மட்டும்.

கீழே லொறியில் மூட்டை இறங்கும் சத்தம்.
குடைக்குள் முகம் மறைந்த ஒருத்திக்கு
அவள் பெட்டி கீறத் தொடங்கினாள்.
"குடையையும் சேர்த்தாப் பிழை" என்றாள்,
என் பேனாவைப் பார்த்து.