எஃப் ஒன்பது

அந்தச் சாவியைச் சாகடித்தவன் நான்தான்.
திரை சுத்தமாக இருக்கவேண்டும் என்றார்கள்.
வெள்ளை, வெளிர்நீலம், ஓரம் வளைந்த பொத்தான்கள்.
கூட்டத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது.

மூன்றாம் வாரம் என்னை வேலூருக்கு அனுப்பினார்கள்:
வரிசை ஏன் நீளுகிறது, போய்ப் பார்.

காட்பாடியில் இறங்கும்போது விடியவில்லை.
எனக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரெச்சர் இறங்கியது,
அதன் பின்னால் படுக்கைச் சுருள், ஸ்டவ்,
ஒரு மாதத்துக்கான அரிசி.
ஆட்டோக்காரர் வங்காளத்தில் பேரம் பேசினார்.
என்னிடமும் முதலில் வங்காளம்தான்.

ஆஸ்பத்திரியில் பதினான்காம் கவுண்டர்.
சகாய நிர்மலா. பதினேழு வருஷ சர்வீஸ்.
பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.
"நீங்கதான் அந்த சாஃப்ட்வேரா?"
ஆமாம் என்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

அவர் கீபோர்டில் பாதி எழுத்துகள் இல்லை,
தேய்ந்து வெறும் கருப்பு.
மேல்வரிசையில் எஃப் ஒன்பது மட்டும்
சைக்கிள் மணியின் நாக்குபோலப் பளபளத்தது.

பழைய திரையில் எஃப் ஒன்பது என்றால்
சேமி, சீட்டு அச்சிடு, அடுத்தவரைக் கூப்பிடு.
ஒரே தட்டு.
என் திரையில் அதற்கு ஏழு கிளிக்.
ஒவ்வொன்றுக்கும் கை மவுஸைத் தேடிப் போய்
அம்பைப் பிடித்துப் பொத்தான்மேல் நிறுத்திவிட்டு
வீடு திரும்பவேண்டும்.
ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்றேன்.
முந்நூறு என்றார், திரும்பாமல்.
பெருக்கிப் பார்த்தேன்.
பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அவர் மணிக்கட்டில் தைல வாசனை.
சீட்டுக்கு ஒருமுறை, தன்னையறியாமல்,
விரல் எஃப் ஒன்பதுக்குப் போய்த் தட்டியது.
இல்லாத படியில் கால் வைத்ததுபோல
ஒரு சின்னத் தடுமாற்றம்.
பிறகு மவுஸ்.

பதினொன்றே முக்காலுக்கு மவுஸும் நின்றது.
வேறொன்று ஸ்டோரில் இருக்கிறது,
ஸ்டோர்க்காரர் வெளியே போயிருக்கிறார்.
எதிரே மால்டாவிலிருந்து வந்தவர், தோளில் மகன்,
தூங்கும் பையனின் எச்சில் சட்டையில் நீளக் கறையாக.
பெயர், அப்பா பெயர், ஊர், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன்,
எல்லாம் எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்திருந்தார்.
"டேப் அடிச்சுப் பாருங்க" என்றேன்.
அடித்தார்.
கட்டம் கட்டமாகப் போகவேண்டிய வெளிச்சம்
பின்கோடிலிருந்து தாவி உட்கார்ந்தது
'ரத்து செய்' மேல்.
அவர் பார்க்கவில்லை, பழகிய கை. என்டர்.

வெள்ளை. வெளிர்நீலம்.
என் சுத்தமான திரை.

சகாய நிர்மலா என்னை ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடித் துளைப் பக்கம் குனிந்து
வேலூர் இழுப்போடு வங்காளத்தில்
மறுபடி கேட்டார்: "நாம் கீ?"
அந்த மனிதர் கத்தியிருந்தால் தேவலை.
மகனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு
முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.

இரவு, காந்தி ரோட்டு லாட்ஜ் அறை.
ஜன்னல் வழியே யாரோ கடுகெண்ணெயில் மீன் வறுக்கும் வாசம்.
நாற்பது வரிகூட ஆகவில்லை.
எஃப் ஒன்பதுக்கு உயிர் கொடுத்தேன்.
டேப் போகும் பாதையை ஒவ்வொன்றாக நேராக்கினேன்.
ரத்தைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பி
அதன் வாயில் ஒரு கேள்வி வைத்தேன்: நிச்சயமா?
மேலிடத்துக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.
ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.
மூன்றாவது ஆளுக்கு, பழக்கதோஷம்,
விரல் அங்கே போனது.
பிரிண்டர் கிரீச்சிட்டுச் சீட்டை நீட்டியது.
மவுஸை நோக்கிப் புறப்பட்ட கை
பாதி வழியில், காற்றில், நின்றது.
பிறகு திரும்பி வந்து சாவிகள் மேலேயே உட்கார்ந்தது.

அதற்கப்புறம் அவர் திரையை அதிகம் பார்க்கவில்லை.
முகங்களைப் பார்த்துக்கொண்டே தட்டினார்.
ஒரு பெரியவரிடம், செருப்பு மாறிப் போட்டிருக்கிறீர்கள் என்றார்.
பன்னிரண்டு மணிக்கு வரிசை தூணுக்கு இந்தப்பக்கம் வந்திருந்தது.

டீ வந்தபோதுதான் என் பக்கம் திரும்பினார்.
நன்றிக்குத் தயாராக நிமிர்ந்தேன்.
"எஃப் ஆறு இன்னும் வேலை செய்யல.
அதை யாரு எடுத்தது?"

நாக்கு சுட்டதுபோல் நடித்தேன்.