காறையெலும்பில் ஜல்லி ரோடு

கரண்ட் போன மறு நிமிஷம்
ஏகாம்பரகுப்பத்துக்குக் காது போய்விட்டது மாதிரி இருக்கும்.
நானூறு தறி ஒரே மூச்சில் நின்றால்
மூக்குமலை வரைக்கும் காக்கா கத்துவது கேட்கும்.
அந்த நேரம் பார்த்துத்தான் தேசப்பன் வருவான்,
லுங்கியில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு,
கையில் அந்தக் கையடக்க கேம் கம்ப்யூட்டர்.
திருத்தணியில் எவனோ தவணை கட்ட முடியாமல் தள்ளிவிட்டது.
இரண்டு பக்கமும் குச்சி, நடுவில் திரை.
சார்ஜ் மூணு மணி நேரம் நிற்கும்.
கரண்ட் வராத நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

போன மாதம்தான் பொத்தான்களை உயர்த்திக் கொடுத்தேன்,
பஞ்சு புகாமல் சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டி.
இப்போது வேறு புகார்.
"இது அதிரலக்கா.
வண்டி ரோட்ட விட்டு எறங்குனா
கையில குர்ருன்னு வரணுமாம். வர்ல."

எட்டுத் திருகு கழற்றினேன்.
பஞ்சு, பீடித்தூள், ஒரு உமி.
மோட்டார் இரண்டும் உயிரோடுதான் இருந்தன.
மூடி, ஓட்டி, வளைவில் வேண்டுமென்றே தடம் விட்டேன்.
முழங்கை வரைக்கும் ஜல்லி.
"வருதே" என்று நீட்டினேன்.
வாங்கிப் பிடித்தான். திரையில் புழுதி பறந்தது.
அவன் முகத்தில் ஒன்றுமில்லை.

கண்ணை மூடச் சொல்லிவிட்டு
மல்டிமீட்டர் முள்ளால் தொட்டேன்.
சுண்டுவிரல். மோதிரவிரல். உள்ளங்கை மேடு.
"ஆரம்பிக்கா" என்றான்.
முடித்திருந்தேன்.

பதினாலு வயசிலிருந்து தறியைப் பிடித்து நிற்கிற கை.
நாடா அடிக்கிற அடியெல்லாம் அதற்குள்தான் போயிருக்கிறது.
அதற்குப் போய் எட்டணா அகல மோட்டார்
என்ன சொல்லிவிடும்.
இதை நான் அவனிடம் சொல்லவில்லை.
"மோட்டார் இருக்கிற எடம் சரியில்ல, மாத்திடலாம்" என்றேன்.
அது பொய்யும் இல்லை.

சென்னையிலிருந்து வரும் பாகம் பள்ளிப்பட்டோடு நின்றுவிடும்,
எல்லை தாண்ட நாற்பது ரூபாய் கூட.
செத்த ஃபோன் ஒன்றைப் பிளந்து எடுத்தேன்.
நீள ஒயர், இரண்டு சொட்டு ஈயம், பழைய வாட்ச் பட்டை.
மணிக்கட்டில் கட்டினோம். "லேதக்கா."
முழங்கை. "ஈ உக்காந்தாப்ல."
தோள். அதுவும் இல்லை.
பட்டையை வீசிவிட்டுப் பிளாஸ்திரி கிழித்தேன்.
ஒரு ஆளின் உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று
மேலே மேலே தேடிக்கொண்டு போனால்
காறையெலும்பில் இருந்தது.

தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், சந்தோஷமாக.
ரோட்டில் ஏறினான். இறங்கினான். மறுபடி ஏறினான்.
ஜெயிக்கிற எண்ணமே இல்லை.
எல்லாரும் முந்திப் போக இவன் மட்டும்
ஓரத்து ஜல்லியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான்,
கழுத்தைச் சாய்த்து,
யாரோ காதுக்குக் கீழே பேசுவதைக் கேட்கிறாற்போல.
"தாரு வேற, மண்ணு வேற, பாலம் வேறக்கா.
நான் எல்லாம் படம்னு நெனச்சிருந்தேன்."

நாலு பத்துக்கு டியூப்லைட் சிமிட்டியது.
முதலில் முனிரத்தினத்தின் கொட்டகை,
அப்புறம் தெரு, அப்புறம் ஊர்.
மேசைமேல் திருகுகள் நடுங்கின.
சட்டைக்குள் கைவிட்டுப் பிய்த்தான்.
பிளாஸ்திரியோடு கொஞ்சம் முடியும் வந்தது.
"ராத்திரிக்கு வரேன், துட்டும் அப்பத்தான்."
ஓடிவிட்டான். ஆட்டத்தை நிறுத்தவில்லை.

நடு ரோட்டில் நிற்கிற அவன் காரை
பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராய் இடித்துப் போனார்கள்.
ஒவ்வொரு இடிக்கும் அந்தக் குட்டி மோட்டார்
கண்ணாடிமேல் அரை அங்குலம் நகர்ந்தது,
முடி ஒட்டிய பிளாஸ்திரியை முதுகில் சுமந்து.
இடிதான் நகர்த்தியதோ, தெருவே நகர்த்தியதோ.
விளிம்பில் விழுவதற்குள் விரலை வைத்தேன்.
பதினோரு வருஷமாய்ச் சூட்டுக்கோல் பிடிக்கிற விரல்.
எதற்கும் இருக்கட்டுமென்று
மற்றக் கையாலும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.