நாற்பதில் ஒன்று

தராவீஹ் முடிந்து கடைக்கதவைப் பாதி தூக்கினோம்,
நானும் நிப்ராஸும்.
நோன்பு இருபத்தொன்று. ஸகாத் கணக்கு.

அவன் எண்ணினான், நான் எழுதினேன்.
சீமெந்து அறுநூற்றுப் பன்னிரண்டு மூடை,
ஈரம் குடித்துக் கல்லான ஒன்பதைக் கழித்து.
கம்பி. தகரம். குழாய்.
மூன்றங்குல ஆணி, நிறுத்துப் போட்டது.

மறைக்க என்ன இருக்கிறது,
கடல் வந்துபோன அடுத்த வருஷம்தான்
இந்தக் கடைக்கு மேல்மாடி வந்தது.
உடைந்தவர்கள் வாங்கினார்கள், நான் விற்றேன்.
விலை கூட்டவில்லை. அதை மட்டும்
அக்கரைப்பற்றில் யாரிடமும் நிமிர்ந்து சொல்வேன்.

காசைப் பழிக்க எனக்கு வாய் வராது.
மகள் ஹஸ்னாவின் வீடு அந்தக் காசு.
ஜெஸீமாவின் மார்பில் கட்டி என்றபோது
கொழும்பில் பதினெட்டு நாள், அந்தக் காசு.
அந்தப் பதினெட்டு நாளும் ஆசுபத்திரி விறாந்தையில்
தொலைபேசியில் ஓடர் எடுத்துக்கொண்டிருந்த ஆளும்
நான்தான்.

பின் கொட்டிலில் நிப்ராஸ் நின்றுவிட்டான்.
"காக்கா, இது?"
தகரக் கட்டுக்கு அடியில் என் தோணி.
ஐந்து வருஷத்துக்கு முன், வெள்ளிக்கிழமைகளில்
நானே பலகை அறுத்து, நானே சீவி,
இரண்டு பேர் ஒட்டி இருக்கிற அளவில்
தில்லையாற்றில் விடுவதற்கென்று செய்தது.
ஆறு கடையிலிருந்து ஒரு மைல்.

"விக்கிற சாமானா?"
இல்லை.
"அப்ப பாவனைச் சாமான். ஸகாத் இல்ல."
பேனையை மூடினான்.

பாவனை.
தோணியின் அடியைத் தடவிப் பார்த்தேன்.
சேறில்லை, பாசியில்லை,
கையில் ஒட்டியது சீமெந்துத் தூள்.

ஸஹர் வரைக்கும் நித்திரை பிடிக்கவில்லை.
பிறைக் கணக்கில் வருஷம் முந்நூற்று ஐம்பத்துநாலு நாள்.
நாற்பதால் பிரித்தேன், மனக்கணக்காக.
எட்டேமுக்காலும் கொஞ்சமும்.
ஏழைக்குப் போகிற பங்குதான்.
என் நாட்களில் எனக்கு அதுவாவது வந்ததா என்று
விரல் மடக்கினேன்.
பெருநாள் இரண்டு. அதிலும் பின்னேரம் கடை திறந்தேன்.
மற்ற விரல்கள் நீட்டியபடியே கிடந்தன.

"ஒரு வருஷம் கையில் தங்கினதுக்குத்தான் ஸகாத்," என்றேன்.
"எனக்கு ஒரு நாளும் தங்கல்ல.
கணக்குப்படி கடமையில்ல."
ஜெஸீமா சோற்றைக் கோப்பையில் போட்டாள்.
"அப்ப நீங்க
வாங்குற ஆக்கள்ற பக்கம்."

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள், செவ்வாய்.
திருகோணமலையிலிருந்து சீமெந்து வருகிற நாள்.
சாவிக்கொத்தை நிப்ராஸிடம் கொடுத்தேன்.
கொடுத்துவிட்டு மூன்று தரம் திரும்பி வந்து
தெரிந்ததையே அவனுக்குச் சொன்னேன்.
தள்ளுவண்டியில் தோணி சந்தைக்குள்ளால் போனது.
இரண்டு பேர் விலை கேட்டார்கள்.
ஒருவருக்கு நான் வாய் தவறி
ஒரு விலையும் சொல்லிவிட்டேன்.

தண்ணீரில் வைத்ததும் இடப்பக்கம் ஒழுகியது.
ஜெஸீமா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
பால்மா டின்னால் அள்ளி அள்ளி ஊற்றினாள்.
சிரிக்கிறாளா ஏசுகிறாளா,
முதுகைப் பார்த்துத் தெரியவில்லை.
கரையை விட்டு முப்பது முழம் வந்திருப்போம்.

சட்டைப்பையில் தொலைபேசி.
லொறிக்காரன்.
எடுத்தேன்.
"ஆத்துல நிக்கிறன்," என்றேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு அவன்
"அங்கயா இறக்கிற?" என்று கேட்டான்.